உடற்பருமன் தரும் நோய்களைத் தடுக்க மூலிகைகளையும் மசாலாப் பொருள்களையும் பயன்படுத்தும் முறை: முழுமையான வழிகாட்டி

உடலை மெலிய வைக்கும் மூலிகை எது என்ற கேள்வியோடுதான் பெரும்பாலோர் இந்தப் பொருளை அணுகுகிறார்கள். உண்ணும் அளவும் உடலுழைப்பும் மாறாமல் இருக்கும்போது, தானாகவே எடையைக் கரைத்துத் தரும் செடியோ விதையோ பட்டையோ இல்லை என்பதே அதற்குரிய நேர்மையான விடை. ஆனால் உடற்பருமனைத் தொடர்ந்து வரும் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு, கல்லீரலில் கொழுப்பு படிதல், இதயக் குழாய் அடைப்பு ஆகியவற்றைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இவை உதவுமா என்று கேட்டால், விடை வேறாகிறது. உதவும். எந்தப் பொருள் எந்தச் சிக்கலுக்கு, எவ்வளவு, எந்த வடிவில், யாருக்கு ஆகாது என்பதை அறிந்து பயன்படுத்துவோருக்கு மட்டுமே உதவும்.

நோய் எப்படி உருவாகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பைவிட, வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து சேரும் கொழுப்பே பெரிய தீங்கைச் செய்கிறது. அது வெறும் சேமிப்புக் கிடங்கு அன்று. கொழுப்பு அமிலங்களையும் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களையும் இடைவிடாமல் இரத்தத்தில் கலக்கும் திசு அது. இன்சுலினுக்குத் துணைநிற்கும் அடிப்போனெக்டின் என்னும் ஹார்மோனின் அளவும் அப்போது குறைகிறது. விளைவாக, தசையும் கல்லீரலும் இன்சுலினின் சொல்லைக் கேட்காமல் போகின்றன. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து களைத்துப்போகிறது. நாம் பயன்படுத்தும் எந்த மூலிகையும் இந்தச் சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணியில்தான் வேலை செய்கிறது.

சங்கிலியையே தளர்த்துவது எடைக் குறைப்புதான். உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே சர்க்கரை, இரத்த அழுத்தம், ட்ரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு மூன்றும் இறங்கத் தொடங்கும். அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், 7 விழுக்காடு எடைக் குறைப்பையும் வாரத்திற்கு 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காகக் கொண்டவர்களிடம் நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் என்னும் நீரிழிவு மாத்திரை எடுத்தவர்களிடம் அது 31 விழுக்காடு குறைந்தது. எந்த மசாலாப் பொருளுக்கும் இவ்வளவு பெரிய, உறுதியான ஆய்வின் ஆதரவு இல்லை. எனவே பின்வரும் படிகள் அனைத்தும் உணவுக் கட்டுப்பாட்டோடும் நடையோடும் சேர்த்துச் செய்ய வேண்டியவை. அவற்றுக்கு மாற்றாகச் செய்ய வேண்டியவை அல்ல.

முதல் படி: உங்கள் அளவுகளை எழுதி வையுங்கள்

எதைத் தடுக்க விரும்புகிறோம் என்று தெரியாமல் மூலிகையைத் தேர்ந்தெடுக்க முடியாது. நாடாவைக் கொண்டு தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவை அளந்து, அது உங்கள் உயரத்தில் பாதிக்கு மேல் உள்ளதா என்று பாருங்கள். எடை எந்திரம் காட்டாத வயிற்றுக் கொழுப்பை இந்த எளிய ஒப்பீடு காட்டிவிடும். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் உடல் நிறைக் குறியீட்டில் 25க்கு மேல் அதிக எடை என்றும் 30க்கு மேல் உடற்பருமன் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது; ஆசிய மக்களுக்கு 23இலேயே அபாயம் கூடத் தொடங்குகிறது.

அடுத்து, இரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றுச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருந்தாலோ, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 5.7 முதல் 6.4 விழுக்காடு வரை இருந்தாலோ, நீரிழிவின் வாசலில் நிற்கிறீர்கள் என்று பொருள். அவற்றோடு கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். கொலஸ்ட்ரால், ட்ரைகிளிசரைடு, கல்லீரல் நொதிகள், இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் தேதியிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள்தான் பின்னர் எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று சொல்லப்போகும் ஒரே சாட்சி.

இரண்டாம் படி: ஏற்கெனவே எடுக்கும் மருந்துகளைப் பட்டியலிடுங்கள்

இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்ற எண்ணத்தை இந்தப் படியிலேயே விட்டுவிட வேண்டும். மெட்ஃபார்மினின் வரலாறு இதற்கு நல்ல சான்று. கலேகா என்னும் செடியில் சர்க்கரையைக் குறைக்கும் கலேஜின் என்ற பொருள் இருந்தது. ஆனால் அது மனிதருக்கு நஞ்சாகவும் இருந்தது. அதே வேதிக் குடும்பத்தில் உருவாக்கப்பட்ட மெட்ஃபார்மினை, 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குப் பயன்படுத்திக் காட்டினார். செடிக்கு மருந்தின் ஆற்றல் உண்டு என்று நம்புகிறவர், அதற்கு மருந்துக்குரிய பக்கவிளைவும் உண்டு என்பதை ஏற்கத்தான் வேண்டும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர் வெந்தயத்தையோ சிறுகுறிஞ்சானையோ மருந்தளவில் சேர்த்தால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர், பூண்டு, இஞ்சி, மஞ்சள், வெந்தயம் ஆகியவற்றைச் சமையல் அளவைத் தாண்டி உட்கொள்ளும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மிளகில் உள்ள பைப்பரின், மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளின் வேகத்தைக் குறைப்பதால், சில மருந்துகளின் அளவு இரத்தத்தில் கூடிவிடக்கூடும். சமையலில் தூவும் மிளகுக்கு இந்த அச்சம் தேவையில்லை, செறிவூட்டிய மாத்திரைகளுக்குத் தேவை. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் சிறுநீரக, கல்லீரல் நோயாளிகளும் உணவில் வழக்கமாகச் சேரும் அளவோடு நின்றுகொள்வது நல்லது.

மூன்றாம் படி: உப்பு, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றின் இடத்தை மசாலாவுக்குக் கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்ற உங்களால் முடியும் என்றால், அது இதுவாகவே இருக்கட்டும். மசாலாப் பொருள்களின் மிகப்பெரிய பயன் அவற்றின் வேதிப்பொருள்களில் மட்டும் இல்லை. உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் குறைந்த உணவை விருப்பத்தோடு உண்ண வைக்கும் சுவையில்தான் அது பெரிதும் இருக்கிறது. நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. அதற்குள் நிற்க முயல்பவர்கள் தோற்பது பெரும்பாலும் உணவு சப்பென்று ஆகிவிடுவதால்தான்.

உப்பை ஒரே நாளில் பாதியாக்காமல், வாரத்திற்குக் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே, அந்த இடத்தில் வறுத்துப் பொடித்த சீரகம், மிளகு, பூண்டு, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் கூட்டுங்கள். புளிப்பும் காரமும் உப்பின் குறையை நாக்கு உணராதபடி மறைத்துவிடும். சில வாரங்களில் நாக்கே குறைந்த உப்புக்குப் பழகிவிடும். இனிப்பைக் குறைக்க, பானங்களிலும் கஞ்சியிலும் ஏலக்காய், பட்டை, சோம்பு ஆகியவற்றைச் சேர்க்கலாம். இவை இனிப்பான உணவோடு மணத்தால் தொடர்புடையவை என்பதால், சர்க்கரை குறைந்திருப்பது உடனே தெரிவதில்லை. எண்ணெய்க்கும் இதே கணக்குத்தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. மசாலாவை வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்துக் கடைசியில் தூவினால், குறைந்த எண்ணெயிலேயே மணம் முழுமையாக வெளிப்படும்.

காலையில் தேனும் பட்டையும் கலந்து குடிப்பவர்கள் ஒரு கணக்கை மறக்கக் கூடாது. ஒரு மேசைக்கரண்டி தேனில் 60 கலோரிக்கு மேல் இருக்கிறது. அந்தப் பானத்தில் எடைக்கு எதிராக வேலை செய்வது தேன்தான்.

நான்காம் படி: உங்கள் சிக்கலுக்கு உரிய பொருளைத் தேர்ந்தெடுங்கள்

சர்க்கரை எல்லையில் இருப்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது வெந்தயம். அதன் விதையில் காலக்டோமன்னன் என்னும் கரையும் நார்ச்சத்து மிகுந்திருக்கிறது. அது நீரை உறிஞ்சிக் குடலில் கூழாகி, மாவுச்சத்து செரித்து இரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கிறது; வயிறு நிறைந்த உணர்வையும் நீட்டிக்கிறது. அதில் உள்ள 4-ஹைட்ராக்ஸி ஐசோலூசின் என்ற அமினோ அமிலம், சர்க்கரை மிகும்போது இன்சுலின் சுரப்பைத் தூண்டுகிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், நீரிழிவின் முன்நிலையில் இருந்தவர்கள் மூன்று ஆண்டுகள் நாளுக்கு 10 கிராம் வெந்தயப் பொடியை இரு வேளையாகப் பிரித்து உணவுக்கு முன் எடுத்தனர். எடுக்காதவர்களோடு ஒப்பிடுகையில் அவர்களிடம் நீரிழிவு தொடங்கியது தெளிவாகவே குறைந்தது.

இங்கே பலரும் ஒரு தவறைச் செய்கிறார்கள். இரவு முழுவதும் வெந்தயத்தை ஊறவைத்து, காலையில் நீரைக் குடித்துவிட்டு விதையைக் கொட்டிவிடுகிறார்கள். நார்ச்சத்தின் பெரும்பகுதி விதையோடு போய்விடுகிறது. ஊறிய விதையை மென்று தின்னுங்கள், அல்லது அரைத்து உணவில் சேருங்கள். முதல் வாரம் அரைத் தேக்கரண்டியில் தொடங்கி, வயிற்று உப்புசம் இல்லை என்றால் மூன்று நான்கு வாரங்களில் நாளுக்கு இரண்டு தேக்கரண்டி வரை போகலாம். வியர்வையிலும் சிறுநீரிலும் இனிப்பு மணம் வீசுவது வெந்தயத்தின் சோடோலோன் என்ற பொருளால், அஞ்ச வேண்டியதில்லை. நிலக்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, அதே குடும்பத்தைச் சேர்ந்த வெந்தயமும் ஒவ்வாமல் போகக்கூடும்.

பட்டையின் கதை இவ்வளவு நேரானது அன்று. 2003இல் 60 நீரிழிவு நோயாளிகளிடம் நாளுக்கு 1, 3, 6 கிராம் என்று கொடுத்து 40 நாள் நடத்திய ஆய்வு பெரும் நம்பிக்கையை ஊட்டியது. பின்னர் வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. 2012இல் அவற்றைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை, நீரிழிவுக்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவு செய்தது. சர்க்கரைக்கு மாற்றான மணப்பொருளாக அதைப் பயன்படுத்துங்கள், மருந்தாக நம்பாதீர்கள்.

அப்படிப் பயன்படுத்தும்போதும் எந்தப் பட்டை என்பது முக்கியம். சந்தையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் காசியா. அதில் கூமரின் என்ற பொருள் மிகுதி. நாள்தோறும் அளவுக்கு மீறி உட்கொண்டால், அதை ஏற்காத உடல்களில் கல்லீரலைப் பாதிக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வரம்பு, ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மில்லிகிராம். ஒரு கிராம் காசியாவில் சராசரியாக 3 மில்லிகிராம் கூமரின் இருக்கும் என்று கொண்டால், ஒரு தேக்கரண்டிப் பொடியிலேயே வரம்பு தாண்டிவிடுகிறது. உண்மையான இலங்கைப் பட்டையில் கூமரின் மிகச் சிறிதளவே உண்டு. சுருளைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்: காசியா தடித்த ஒற்றை அடுக்காக, உடைக்கக் கடினமாக இருக்கும், இலங்கைப் பட்டை காகிதம் போன்ற மெல்லிய பல அடுக்குகள் சுருண்டு, விரலால் நசுக்கினாலே நொறுங்கும். பொடியாக வாங்கினால் இந்த வேறுபாட்டைக் காண வழியில்லை.

எல்.டி.எல். கொலஸ்ட்ரால் கூடியவர்களுக்கு வலுவான ஆதாரம் உள்ள தாவரப் பொருள் இசப்கோல் உமி. நாளுக்கு ஏறத்தாழ 10 கிராம் எடுத்தால் எல்.டி.எல். 5 முதல் 10 விழுக்காடு வரை குறையும். உமி குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுவதால், அவற்றை மீண்டும் உருவாக்கக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய குவளை நீரோடுதான் குடிக்க வேண்டும். நீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். மற்ற மருந்துகளுக்கு இரண்டு மணி நேரமும், தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரமும் இடைவெளி விடுங்கள். ஆளிவிதையைப் பொடித்தே உண்ண வேண்டும். முழு விதை பெரும்பாலும் செரிக்காமல் வெளியேறிவிடும். சீரகமும் கருஞ்சீரகமும் சிறு ஆய்வுகளில் கொழுப்பு அளவுகளைச் சற்றே குறைத்துள்ளன. உணவில் தாராளமாகச் சேர்க்கலாம்.

இரத்த அழுத்தத்திற்குப் பூண்டும் ரோசெல் பூவும். பூண்டின் பயனுக்குக் காரணமான அல்லிசின் என்ற பொருள் அதில் முன்கூட்டியே இருப்பதில்லை. பல்லை நசுக்கும்போது அலினேஸ் என்ற நொதி அதை உருவாக்குகிறது, சூடு அந்த நொதியை அழித்துவிடுகிறது. ஆகவே நசுக்கி அல்லது நறுக்கிப் பத்து நிமிடம் வைத்திருந்து, பிறகு அடுப்பில் இடுங்கள். ரோசெல் என்னும் சிவப்புப் புளிச்சையின் புளிப்பான புற இதழ்களைக் காய்ச்சிய பானத்தை நாளுக்கு மூன்று கோப்பை வீதம் ஆறு வாரம் குடித்தவர்களிடம், மேல் அழுத்தம் சராசரியாக 7 புள்ளி குறைந்ததை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. வெற்றுப் பானம் குடித்தவர்களிடம் ஒரு புள்ளிதான் குறைந்தது. தோட்டத்தில் பூக்கும் செம்பருத்தி இது அன்று, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இருமலுக்காக அதிமதுரம் சுவைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் கவனியுங்கள்: அதன் கிளிசிரைசின் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றும்.

மஞ்சளைப் பற்றிச் சொல்லப்படுவதில் பாதி, மஞ்சளைப் பற்றியதே அன்று, அதில் உள்ள குர்குமின் என்ற வேதிப்பொருளைப் பற்றியது. ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் சுமார் 3 கிராம். அதில் குர்குமின் 3 விழுக்காடு என்றால் 90 மில்லிகிராம் மட்டுமே. அழற்சி, கல்லீரல் கொழுப்பு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அதைப்போல் பல மடங்கு அளவில் நடந்தவை. அதிலும் குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. 1998இல் வெளியான ஆய்வொன்றில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது உறிஞ்சல் 20 மடங்கு கூடியது. சமையலில் மஞ்சளோடு மிளகும் சிறிது எண்ணெயும் சேர்ப்பது இதனால்தான் பொருத்தமானது. ஆனால் இந்த உறிஞ்சலையே உச்சத்துக்குக் கொண்டுபோகும் செறிவூட்டிய மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி வந்தவர்கள் உண்டு. பித்தப்பைக் கல் உள்ளவர்களும் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

இனிப்பின் மீதான ஆசையே பெரும் தடையாக இருப்பவர்களுக்குச் சிறுகுறிஞ்சான் இலை உதவும். ஓர் இலையை மென்று நாக்கில் பரவவிட்டால், அதன் ஜிம்னீமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணர்விகளை அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை மூடிவைக்கின்றன. அப்போது சர்க்கரை மணல்போல இருக்கும். மாலையில் இனிப்பைத் தேடும் நேரத்திற்குச் சற்று முன் மெல்வது சரியான முறை. மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் உடல் வெப்பத்தைக் கூட்டுவது உண்மைதான். ஆனால் அதனால் கூடுதலாகச் செலவாகும் ஆற்றல் நாளுக்குச் சில பத்துக் கலோரிகளைத் தாண்டுவதில்லை. இஞ்சியும் அப்படியே, மந்தத்திற்கும் குமட்டலுக்கும் நல்லது, எடைக்குச் சிறு உதவி.

ஐந்தாம் படி: ஒரு நேரத்தில் ஒன்று, பன்னிரண்டு வாரம்

மூன்றாம் படியை எல்லோரும் உடனே தொடங்கலாம். நான்காம் படியில் உள்ளவற்றை அப்படித் தொடங்கக் கூடாது. ஐந்து பொருள்களை ஒன்றாகக் காய்ச்சிக் குடித்து, சர்க்கரை குறைந்தாலும் வயிறு கெட்டாலும் எதனால் என்று தெரியாமல் விழிப்பதால் பயனில்லை. உங்கள் தாளில் எந்த எண் மோசமாக இருக்கிறதோ, அதற்குரிய ஒரே பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தச் சிவப்பணுக்களின் ஆயுளையொட்டி எச்பிஏ1சி மாற மூன்று மாதம் ஆகும் என்பதால், பன்னிரண்டு வாரத்திற்குக் குறைந்த சோதனைக்குப் பொருளில்லை. வாரம் ஒரு முறை இடுப்பளவையும் எடையையும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலை வேளை இரத்த அழுத்தத்தையும், வயிற்றில் தெரியும் மாற்றங்களையும் எழுதுங்கள்.

பொருள்களை முடிந்தவரை முழுதாக வாங்கி, சிறிது சிறிதாகப் பொடித்து, ஒளியும் ஈரமும் படாமல் மூடிவையுங்கள். தூள்களில் கலப்படம் எளிது. மஞ்சளின் நிறத்தைக் கூட்ட ஈயக் குரோமேட் கலக்கப்பட்டது ஆய்வுகளில் கண்டறியப்பட்ட உண்மை. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் என்பதால், கண்ணைப் பறிக்கும் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தைத் தரத்தின் அடையாளமாகக் கொள்ளாதீர்கள்.

ஆறாம் படி: வாங்கக் கூடாதவற்றை அறிந்துகொள்ளுங்கள்

கொடம்புளியிலிருந்து எடுக்கும் ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமில மாத்திரைகள் எடைக் குறைப்புக்கென்று உலகெங்கும் விற்பனையாகின்றன. 1998இல் 135 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வில் அந்த மாத்திரையை எடுத்தவர்கள் 3.2 கிலோவும், வெற்று மாத்திரை எடுத்தவர்கள் 4.1 கிலோவும் இழந்தார்கள். அந்த மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட செய்திகளும் பதிவாகியுள்ளன. கொலஸ்ட்ராலுக்குப் பெயர்பெற்ற குக்குலு பிசினைச் சோதித்த 2003ஆம் ஆண்டு ஆய்வில், எல்.டி.எல். குறைவதற்குப் பதிலாகச் சற்றே கூடியது; சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. எபெட்ரா என்னும் செடி கலந்த மாத்திரைகள் மாரடைப்புக்கும் பக்கவாதத்திற்கும் காரணமானதால் 2004இல் அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டன. பச்சைத் தேயிலையைப் பானமாகக் குடிப்பதில் தவறில்லை. அதன் சாரத்தை மாத்திரையாக்கி நாளுக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஈ.ஜி.சி.ஜி. என்னும் தேயிலைப் பொருளை எடுத்தால் கல்லீரல் நொதிகள் உயர்வதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது.

மெலிய வைக்கும் தேநீர் என்று விற்கப்படுபவற்றின் பொருள் பட்டியலில் நிலாவாரை இருந்தால் எடுக்காதீர்கள். அது பேதி மருந்து. மறுநாள் எடை எந்திரத்தில் குறைவது நீர்தான். கொழுப்பில் ஒரு கிராமும் குறைவதில்லை. தொடர்ந்து குடித்தால் பொட்டாசியம் இறங்கி, இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். ஒரு மூலிகை மாத்திரை சில நாள்களிலேயே பசியை முற்றிலும் போக்கி, நெஞ்சைப் படபடக்க வைத்தால், மேலும் கவனம் தேவை: இதய ஆபத்தால் 2010இல் பல நாடுகளில் விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்னும் பசியடக்கும் மருந்து, மூலிகை என்று பெயரிட்ட மாத்திரைகளில் சொல்லாமல் கலக்கப்பட்டது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

ஏழாம் படி: மீண்டும் அளந்து, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுங்கள்

பன்னிரண்டு வாரம் கழித்து அதே ஆய்வகத்தில் அதே பரிசோதனைகளைச் செய்து, பழைய தாளின் பக்கத்தில் புதிய எண்களை எழுதுங்கள். தேர்ந்தெடுத்த எண் இறங்கியிருந்தால் அதே அளவில் தொடருங்கள். இன்னும் குறையட்டும் என்று அளவை ஏற்றாதீர்கள். எண் அசையவில்லை என்றால் அந்தப் பொருளை மருந்தளவில் எடுப்பதை விட்டுவிட்டு, சமையலில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எச்பிஏ1சி 6.5ஐத் தொட்டிருந்தாலோ இரத்த அழுத்தம் தொடர்ந்து 140/90க்கு மேல் நின்றாலோ, மூலிகையோடு இன்னொரு பன்னிரண்டு வாரம் காத்திருப்பது தவறு. மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் அது. எண்கள் நன்றாக இறங்கியவர்களும் தாமாக மாத்திரையை நிறுத்தாமல், புதிய தாளை மருத்துவரிடம் காட்டி அளவைக் குறைக்கச் சொல்லலாம்.

இடையில் எப்போதாவது கண்ணோ சிறுநீரோ அடர்மஞ்சளாகி, வலது விலாவுக்குக் கீழே வலித்து, காரணமற்ற சோர்வும் அரிப்பும் தோன்றினால், எடுத்துவரும் எல்லா மூலிகைப் பொருள்களையும் அன்றே நிறுத்தி, அவற்றின் உறைகளோடு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், பூண்டு, இஞ்சி, மஞ்சள் மாத்திரைகளை இரண்டு வாரம் முன்னதாகவே நிறுத்தி, மயக்க மருந்து தரும் மருத்துவரிடம் அவற்றின் பெயர்களைச் சொல்லிவிடுங்கள்; பெரும்பாலான மருத்துவர்கள் கேட்பது மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளைப் பற்றி மட்டும் என்பதால், சொல்லும் பொறுப்பு நம்முடையதாகிறது.